ஜேக் ஹெகி: மேசை வேலையிலிருந்து ஓபரா மேடை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓபரா (வசனத்தையும் பாட்டாகவே பாடி, ஆர்கெஸ்ட்ரா எனும் பெரிய வாத்தியக் குழுவோடு மேடையேற்றும் மேலைநாட்டு இசை நாடகம்) கேட்பேன் என்று சொன்னால் பலரும் உடனே கேட்பது, “அதை எழுதினவங்க எல்லாம் போய்ச் சேர்ந்து நூறு வருசம் ஆச்சே?” என்பதுதான். ஆகவில்லை. இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் நான் விடாமல் பின்தொடரும் ஒருவர் அமெரிக்காவின் ஜேக் ஹெகி. அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும், முடிந்தவரை என் பதில்களும் இங்கே.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1961 மார்ச் 31 அன்று புளோரிடா மாநிலத்தின் வெஸ்ட் பாம் பீச்சில் பிறந்தவர். வசிப்பது சான் பிரான்சிஸ்கோவில். முழுநீள ஓபராக்கள், ஒரு மணி நேரத்துச் சிறிய ஓபராக்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட தனிப்பாடல்கள் எழுதியிருக்கிறார். இருபத்தோராம் நூற்றாண்டு ஓபராக்களில் மிக அதிகமாக மேடையேறியவற்றுள் ஒன்றான ‘டெட் மேன் வாக்கிங்’ இவருடையது. இவர் கையால் வருவதில் பெரும்பகுதி மனிதக் குரலுக்காக எழுதப்பட்டதுதான். வேறு எதை எழுதினாலும் சுற்றிச் சுற்றிக் குரலுக்கே வந்து நிற்பார்.

தனிப்பாடல் என்கிறீர்களே, அது சினிமாப் பாட்டு மாதிரியா?

இல்லை. ஒரு கவிதையை எடுத்து, ஒரு பாடகருக்கும் ஒரு பியானோவுக்கும் சேர்த்து இசையமைப்பது. மைக் கிடையாது. பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடம். சில சமயம் ஐந்தாறு பாடல்களை ஒரே கதை போலக் கோத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் இதைக் கலைப்பாடல் என்ற பொருளில் அழைக்கிறார்கள்.

சின்ன வயதிலேயே மேதை என்று பெயர் வாங்கியவரா?

அப்படி ஒரு கதை இல்லை. இருப்பது கொஞ்சம் கனமான கதை. அப்பா மருத்துவர், சாக்ஸபோன் வாசிப்பவர். ஹெகிக்குப் பத்து வயதானபோது அவர் தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பிறகுதான் பையன் இசை எழுத ஆரம்பித்தான். இதை ஹெகியே பொதுவெளியில் பலமுறை பேசியிருக்கிறார்.

பதின்ம வயதில் குடும்பம் ஒஹாயோவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போனது. அங்கே எர்ன்ஸ்ட் பேக்கன் என்ற வயதான இசையமைப்பாளரிடம் பாடம். பேக்கன், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கவிதைகளுக்கு ஏராளமாக இசையமைத்தவர். மாணவனுக்கும் அந்தக் கவிதைகளை அறிமுகப்படுத்தினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கின்சன் திரும்பி வருவார்.

அப்புறம் இரண்டு வருடம் பாரிஸில் படிப்பு. திரும்பி வந்து லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜொஹானா ஹாரிஸிடம் பியானோ. இவர் இசையமைப்பாளர் ராய் ஹாரிஸின் மனைவியாக இருந்து கணவரை இழந்தவர், பெரிய பியானோக் கலைஞர். 1982இல் ஹெகி அவரைத் திருமணம் செய்துகொண்டார். இருவருக்கும் ஏறக்குறைய ஐம்பது வயது வித்தியாசம். இரண்டு பியானோக்களில் சேர்ந்து கச்சேரிகள் செய்தார்கள். ஹெகி பின்னர் தான் ஒருபாலீர்ப்பு கொண்டவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜொஹானா 1995இல் இறக்கும்வரை அந்தப் பாசம் குறையவில்லை. ஊர் வாய்க்கு நல்ல தீனிதான் இது. ஆனால் அவர் இசையில் நிழலாடும் வயதான பெண்களைக் கவனித்தால் இந்த உறவின் ஆழம் புரியும்.

பியானோக் கலைஞர் எப்படி மேசை வேலைக்குப் போனார்?

கை மக்கர் செய்தது. இருபதுகளின் கடைசியில் வலது கையில் ஒரு நரம்புக் கோளாறு. விரல்கள் சொன்னபடி கேட்காமல் தானாக மடங்கிக்கொள்ளும். மேடையில் வாசிப்பது நின்றது. எழுதுவதும் நின்றது. வயிற்றுப்பாட்டுக்கு, கலை நிகழ்ச்சிகள் நடத்தும் அமைப்புகளின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தார். அதாவது பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு எழுதுவது, நிகழ்ச்சிப் புத்தகத்துக்குக் கட்டுரை எழுதுவது, நிருபரின் தொலைபேசிக்குப் பதில் சொல்வது. 1993இல் சான் பிரான்சிஸ்கோ பகுதிக்கு இடம் பெயர்ந்தார். 1994இல் சான் பிரான்சிஸ்கோ ஓபராவிலேயே அந்த வேலை கிடைத்தது.

இந்த வேலையை அவருடைய வாழ்க்கையின் இடைவேளை மாதிரி பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பள்ளிக்கூடம். ஒத்திகை நடக்கும் கட்டிடத்திலேயே நாள் முழுக்க இருப்பவருக்கு, எந்தப் பாடகருக்கு எந்த ஸ்தாயியில் குரல் மலர்கிறது, ஆர்கெஸ்ட்ரா எங்கே வார்த்தைகளை விழுங்கிவிடுகிறது, மூன்று மணி நேரக் கதையில் சனங்கள் எந்த இடத்தில் நெளிகிறார்கள் என்பதெல்லாம் காதிலும் கண்ணிலும் தானாக ஏறும். கல்லூரியில் இசையமைப்பு படித்து வரும் பலருக்கு இது கிடைப்பதே இல்லை.

சரி, செய்திக்குறிப்பு எழுதுகிறவருக்கு ஓபரா எழுதும் வாய்ப்பை யார் கொடுத்தார்கள்?

அதற்கு முன்னால் ஒரு பாடகி. பிரெடெரிகா வான் ஸ்டேட், அந்தக் காலத்தின் பெயர்பெற்ற மெஸ்ஸோ சொப்ரானோ, அதாவது பெண்களின் நடுத்தரக் குரலில் பாடுபவர். நண்பர்களுக்கு ‘ஃபிளிக்கா’. 1994இல் ஒரு புதிய ஓபராவுக்காக அவர் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தபோது, ஹெகி நாட்டுப்பாடல்கள் சிலவற்றை அவர் குரலுக்கு ஏற்றபடி இசையமைத்து அன்பளிப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பத்திரிகைத் தொடர்பு பார்க்கிற பையன் நீட்டும் காகிதத்தை நட்சத்திரப் பாடகிகள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இவர் பாடிப் பார்த்தார். பிடித்துப்போனது. மற்றப் பாடகர்களிடமும் சொல்ல ஆரம்பித்தார்.

1995இல் அமெரிக்கக் கலைப்பாடலுக்கான ஒரு போட்டி. பெரிய இசைப் பதிப்பகமான ஜி. ஷர்மர் நடத்தியது. ஹெகி அனுப்பிய பாட்டு முதலில் வந்தது. கவிதை யாருடையது என்று கேட்கவே வேண்டாம், எமிலி டிக்கின்சன்.

அப்போது சான் பிரான்சிஸ்கோ ஓபராவின் தலைமை இயக்குநர் லோட்ஃபி மன்சூரி, ஈரானில் பிறந்தவர். தன் அலுவலகத்து ஊழியரின் பாடல்களை உலகப் பாடகர்கள் பாடுவதைக் கவனித்தார். கூப்பிட்டு, நியூயார்க் போய் நாடக ஆசிரியர் டெரன்ஸ் மெக்நாலியைச் சந்தித்து வா என்று அனுப்பிவைத்தார். முழு ஓபரா ஒன்றுகூட எழுதாத ஆள். இந்த ஒரு முடிவுக்காகவே மன்சூரியை எனக்குப் பிடிக்கும். பிறகு ஹெகிக்கு அதே நிறுவனத்தில் உறைவிட இசையமைப்பாளர் (நிறுவனத்தோடு இருந்து இசை எழுதுபவர்) என்ற பதவியும் உருவானது. செய்திக்குறிப்பு எழுதும் மேசையிலிருந்து அப்படித்தான் எழுந்தார்.

‘டெட் மேன் வாக்கிங்’ கதை என்ன? உண்மைச் சம்பவமா?

2000ஆம் ஆண்டு பிறக்கிறது, கொண்டாட்டமாக ஏதாவது நகைச்சுவை ஓபரா வேண்டும் என்பது மன்சூரியின் ஆரம்ப ஆசை. மெக்நாலி கொண்டுவந்த யோசனைப் பட்டியலில் முதலில் இருந்ததோ தூக்குமேடைக் கதை, அதாவது விஷ ஊசி மேடைக் கதை.

அடிப்படை, ஹெலன் பிரிஜான் என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி 1993இல் எழுதிய நினைவு நூல். லூசியானாவில் மரண தண்டனைக் கைதிகளுக்கு ஆன்மிகத் துணையாக இருந்த அனுபவம். 1995இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. ஓபரா, படத்தைப் பார்த்து எழுதியது இல்லை, நூலிலிருந்து நேரே எடுத்தது. ஹெலன் என்ற பாத்திரம் உண்மையானவர். கைதி ஜோசப் டி ரோஷே கற்பனை, நூலில் வரும் கைதிகளிலிருந்து உருவானவன். தண்டனைக் கைதியைக் கடைசி அறைக்கு நடத்திக்கொண்டு போகும்போது ‘செத்தவன் நடந்து வருகிறான்’ என்று காவலர்கள் எழுப்பும் கூவல்தான் தலைப்பு.

ஓபரா தொடங்கும் விதத்தைச் சொல்கிறேன். இரவு, ஏரிக்கரை. ஒரு பையனும் பெண்ணும், காரின் ரேடியோவில் பாப் பாட்டு. அந்தப் பாப் பாட்டையும் ஹெகியே எழுதினார். சகோதரர்கள் இருவர் வருகிறார்கள். வன்புணர்வு, கொலை. ரேடியோ பாடிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் நம் கண்முன் நடந்துவிடுகிறது. ‘இவன் செய்தானா, இல்லையா?’ என்ற துப்பறியும் சுவாரசியத்தை முதல் பத்து நிமிடத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். செய்தான், பார்த்தோம். இனி மூன்று மணி நேரம் அவனோடு உட்கார்ந்திருக்க முடியுமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

அடுத்த காட்சியில் ஹெலன் சேரிக் குழந்தைகளுக்கு ஒரு தேவாலயப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறார். நூறு வருடப் பழசு போல ஒலிக்கும், ஆனால் ஹெகி புதிதாக எழுதியது. பிறகு சிறைக்குக் காரில் போகும்போது வேகமாக ஓட்டி மோட்டார்சைக்கிள் போலீஸிடம் மாட்டுகிறார். சிரிப்பான காட்சி. எச்சரித்து விட்டுவிடுகிறார் போலீஸ்காரர். இத்தனை கனத்துக்கு நடுவே இப்படி ஒன்றை வைத்தது மெக்நாலியின் நாடகக் கை. இரண்டாம் பாதியில் கன்னியாஸ்திரியும் கொலைகாரனும், தங்கள் இருவருக்குமே ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் பிடிக்கும் என்று கண்டுபிடித்துச் சிரிக்கும் இடமும் அதே மாதிரி.

இசையாகப் பார்த்தால் எனக்கு உச்சம், முதல் பாதியில் வரும் கூட்டுப் பாட்டு. கொல்லப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் நால்வர், கொலைகாரனின் தாய், ஹெலன், எல்லோரும் ஒரே இடத்தில். உனக்கு என்ன தெரியும் என் வலி என்று ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில். பேச்சு நாடகத்தில் ஆறு பேர் சேர்ந்து பேசினால் அது இரைச்சல். ஓபராவில் மட்டும்தான் ஆறு துக்கத்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கேட்க முடியும்.

கடைசியில் தண்டனை நிறைவேறும்போது ஹெகி இசையையே எடுத்துவிடுகிறார். ஊசி இயந்திரத்தின் சத்தம், இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் ‘பீப்’. வேறொன்றும் இல்லை. அது அடங்கிய பிறகு, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஹெலன் அந்தத் தேவாலயப் பாட்டைப் பாடுகிறார்.

ஹெலன் பிரிஜானுக்கு இது பிடித்ததா?

அனுமதி கேட்டபோதே ஒப்புக்கொண்டார். ஓபரா பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னவர். அவருடைய கவலை ஒன்றுதான்: முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டாவது இருக்க வேண்டும். மேலே சொன்ன பாட்டு அந்தக் கவலையைத் தீர்த்திருக்கும். இருவரும் நல்ல நண்பர்களானார்கள். அவர் எழுதிய வரிகளை வைத்து ஹெகி பின்னர் ஒரு பாடல் தொகுப்பும் செய்தார்.

முதல் ஓபராவே வெற்றியா?

2000 அக்டோபர் 7, சான் பிரான்சிஸ்கோ. ஹெலனாக சூசன் கிரஹாம், கைதியாக ஜான் பேக்கார்ட், கைதியின் தாயாக ஃபிளிக்கா. ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் பேட்ரிக் சம்மர்ஸ். நல்ல வரவேற்பு. ஆனால் அமெரிக்காவில் புதிய ஓபராக்களுக்கு முதல் மேடையேற்றம் கிடைப்பது கஷ்டமில்லை, இரண்டாவது கிடைப்பதுதான் கஷ்டம். செய்தித்தாளில் படம் வரும், விருந்து நடக்கும், அப்புறம் பெட்டிக்குள் போய்விடும். இந்த ஓபரா அந்த விதிக்குத் தப்பியது. ஐந்து கண்டங்களில், எழுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்புகள்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா மட்டும் இருபத்து மூன்று வருடம் கழித்துத்தான் கதவைத் திறந்தது. 2023 செப்டம்பர் 26, பருவத்தின் தொடக்க நாளே இந்த ஓபராதான். இயக்கம் ஈவோ வான் ஹோவா, ஹெலன் ஜாய்ஸ் டிடொனாட்டோ. முதன்முதலில் ஹெலனாகப் பாடிய சூசன் கிரஹாம் இந்த முறை தாயாக வந்தார். ஃபிளிக்கா விட்ட இடத்தை அவர் எடுத்துக்கொண்டதைப் பார்க்கையில், ஒரு குடும்பத்து வீட்டுச் சாவி கைமாறுவது போல இருந்தது. அதே மாதம் நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறைக்குள்ளும் ஓபராவைப் பாடினார்கள். கோரஸில் நின்றவர்கள் அங்கேயே தண்டனை அனுபவிக்கும் கைதிகள்.

‘மோபி டிக்’கை எப்படி மேடையில் அடக்கினார்?

எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். ஒரு வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கத் துரத்தும் கப்பல் கேப்டனின் கதை. அமெரிக்க எழுத்தாளர் மெல்வில்லின் 1851ஆம் ஆண்டு நாவல் தலையணை கனம், பாதிக்கு மேல் திமிங்கிலம் பற்றிய பாடம். ஓபராவாக்கலாம் என்ற யோசனை மெக்நாலியுடையது. உடல்நிலை காரணமாக அவர் விலக, லிப்ரெட்டோவை எழுதியவர் ஜீன் ஷீர். லிப்ரெட்டோ என்றால் ஓபராவின் பாடல் வரிகளும் வசனமும் சேர்ந்த பிரதி. ஷீர் கரையில் நடப்பதை எல்லாம் வெட்டினார். முழுக்கதையும் கப்பலில்.

நாவலின் முதல் வரி, கதைசொல்லி தன் பெயரை இஸ்மாயில் என்று சொல்லிக்கொள்வது. ஓபராவில் அவனுக்குப் பெயரே இல்லை, ‘கத்துக்குட்டி’ என்று பொருள்படும் பட்டப்பெயர்தான். எல்லோரும் மாண்டு அவன் மட்டும் மிஞ்சி, காப்பாற்றப்படும்போது கடைசி வரியாகத் தன் பெயரைச் சொல்கிறான். நாவலின் தொடக்கம் ஓபராவின் முடிவு. கதை சொல்லும் தகுதி அவனுக்கு அப்போதுதான் வருகிறது. அந்த ஒரு மாற்றத்துக்காகவே ஷீருக்குத் தனியாக ஒரு கைதட்டல் கொடுக்கலாம்.

முதல் மேடையேற்றம் 2010 ஏப்ரல் 30, டல்லாஸ் ஓபரா. கேப்டன் ஏஹாபாக டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடகர் பென் ஹெப்னர். எல்லாமே ஆண் குரலாக இருந்தால் காது சலித்துவிடும் என்பதால், கப்பல் சிறுவன் பிப்பை மட்டும் ஒரு பெண் பாடுகிறார். லெனர்ட் ஃபோக்லியாவின் இயக்கத்தில் திமிங்கில வேட்டைப் படகுகள் எப்படி வந்தன தெரியுமா? மேடையின் பின்புறம் வளைந்து ஏறும் பெரிய சுவர். பாடகர்கள் அதில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சுற்றி ஒளியால் படகின் கோட்டோவியம் விழும். படகு கவிழ்ந்தால் கோடு கலையும், ஆட்கள் சறுக்கிக்கொண்டு கீழே வருவார்கள். மெட்ரோபாலிட்டனுக்கு இது 2025 மார்ச்சில் போனது.

இப்படி எழுதினால் வருமானம் எப்படி? சம்பளமா?

சம்பளம் இல்லை. ஒரு ஓபரா நிறுவனம் ‘எங்களுக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள்’ என்று ஒப்பந்தம் போட்டு, தவணை தவணையாகத் தொகை தரும். தனியாகத் தாங்க முடியாதபோது சில நிறுவனங்கள் கூட்டுச் சேரும். ‘மோபி டிக்’குக்கு டல்லாஸோடு சான் பிரான்சிஸ்கோ, சான் டியேகோ, கனடாவின் கால்கரி, தென் ஆஸ்திரேலியா எல்லாம் சேர்ந்தன. இதில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: ஐந்து ஊரில் மேடையேற்றம் முன்கூட்டியே உறுதி.

பிறகு ஒவ்வொரு புதிய தயாரிப்புக்கும் மேடை உரிமைத் தொகை வரும். அது இசையமைப்பாளருக்கும் லிப்ரெட்டோ எழுதியவருக்கும் பிரியும். ஆர்கெஸ்ட்ராவின் வாத்தியக் குறிப்புகளையும் வாடகைக்குத்தான் தருவார்கள், விற்பதில்லை. ஆகவே திரும்பத் திரும்ப மேடையேறும் ஓபரா ஒன்று கையில் இருந்தால் பிழைப்பு ஓடும்.

மற்ற ஓபராக்கள்?

ஹூஸ்டனில் 2004இல் வந்த ‘தி எண்ட் ஆஃப் தி அஃபேர்’, 2016இல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’, மெக்நாலியோடு டல்லாஸில் 2015இல் செய்த ‘கிரேட் ஸ்காட்’. கடைசியில் சொன்னது ஓபரா உலகத்தைப் பற்றிய கேலி. புது ஓபராவின் முதல் இரவும் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியின் இறுதிப் போட்டியும் ஒரே நாளில் வந்து மோதுகின்றன. யோசனை அருமை. ஆனால் ஓபராக்காரர்களுக்குள் பேசிச் சிரிக்கும் நகைச்சுவை கொஞ்சம் அதிகம். 2023இல் ஹூஸ்டனில் ‘இன்டெலிஜென்ஸ்’: அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைநகர் ரிச்மண்டில் அவற்றின் தலைவரின் வீட்டுக்குள்ளேயே உளவு பார்த்த, அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண் மேரி ஜேன் பவுசரின் கதை.

என் மனசுக்கு நெருக்கமானது 2008இல் வந்த ‘த்ரீ டிசம்பர்ஸ்’. மூன்றே பாடகர்கள், சின்ன வாத்தியக் குழு, ஒன்றரை மணி நேரம். நடிகையான தாய், வளர்ந்த மகன், மகள், பத்து பத்து வருட இடைவெளியில் மூன்று டிசம்பர் மாதங்கள். அப்பா எப்படி இறந்தார் என்று தாய் பிள்ளைகளிடம் மறைத்த உண்மை கடைசியில் உடைகிறது. அது தற்கொலை. ஹெகியின் பத்து வயதை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி கேட்கும்.

பாடல் தொகுப்புகளில் எதைச் சொல்வீர்கள்?

‘சாங்ஸ் ஃபார் மர்டர்ட் சிஸ்டர்ஸ்’. கனடாவின் பாரிடோன் (ஆண்களின் நடுத்தரக் குரல்) பாடகர் ஜோஷுவா ஹாப்கின்ஸின் அக்கா 2015இல் கொல்லப்பட்டார். ஒரே ஆள், ஒரே நாளில் மூன்று பெண்களைக் கொன்றான். மூவரும் ஒரு காலத்தில் அவனைத் தெரிந்தவர்கள். தம்பி கேட்டுக்கொண்டதன் பேரில் கனடா எழுத்தாளர் மார்கரெட் ஆட்வுட் எட்டுக் கவிதைகள் எழுதினார், ஹெகி இசையமைத்தார், தம்பியே பாடினார். முதல் பாட்டில் ஒரு காலி நாற்காலி வரும். அழுது தீர்க்காத இசை. பல இடங்களில் பியானோ ஒன்றிரண்டு சுரத்தோடு நின்றுகொள்கிறது, அண்ணன் தம்பிகள் துஷ்டி வீட்டில் வாசலில் நிற்பது போல.

விமர்சகர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்களா?

இல்லவே இல்லை. சினிமாப் பின்னணி இசை போல இருக்கிறது, பிராட்வே (நியூயார்க்கின் வணிக இசை நாடக மேடை) வாடை அடிக்கிறது, புதிதாக ஒரு ஒலியைக் கண்டுபிடிக்கவில்லை என்பவை பழைய புகார்கள். பாதி உண்மை. அடுத்து என்ன சுரம் வரும் என்று ஊகிக்க முடிகிற இடங்கள் இருக்கின்றன, முக்கியமாக உருக வேண்டிய கட்டங்களில். ஆனால் பாடகர்களைக் கேட்டுப் பாருங்கள், இவர் எழுதுவதைப் பாட ஆசைப்படுகிறார்கள். மூச்சு வாங்க இடம் இருக்கும், வார்த்தை அரங்கின் கடைசி வரிசை வரை போகும். புதுமைக்காகக் குரலைப் பிழிந்தெடுக்கும் எத்தனையோ படைப்புகள் ஒரே இரவோடு முடிந்துபோனதைப் பார்த்த பிறகு, இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

நேரே ‘டெட் மேன் வாக்கிங்’கில் குதிக்க வேண்டாம். முதலில் அந்த டிக்கின்சன் பாட்டு, ‘இஃப் யூ வேர் கமிங் இன் தி ஃபால்’. சில நிமிடம்தான். பிறகு ‘த்ரீ டிசம்பர்ஸ்’. அதற்கும் பிறகு பெரியது. அதற்கு இரண்டு ஒலிப்பதிவுகள் இருக்கின்றன: 2000ஆம் ஆண்டு முதல் மேடையேற்றத்தின்போது எடுத்தது, 2011இல் ஹூஸ்டனில் டிடொனாட்டோவோடு எடுத்தது. நான் இரண்டாவதையே எடுப்பேன். அதில் கைதியின் தாய் ஃபிளிக்காதான். ஓபரா மேடைக்கு விடை சொல்ல அவர் தேர்ந்தெடுத்த பாத்திரம் அது. மன்னிப்பு வாரியத்தின் முன்னால் நின்று, என் பிள்ளையைக் கொன்றுவிடாதீர்கள் என்று அவர் கெஞ்சும் இடத்தைத் தேடிக் கேளுங்கள். வரியின் நடுவில் தாய் தடுமாறி, பேச வந்ததை மறந்து, கையிலிருக்கும் காகிதத்தைத் தேடுவது போல ஆர்கெஸ்ட்ராவும் சட்டென்று மெலியும்.